மாவு உப்புகிற நேரத்தில் ஒரு கதை

குளிர்கால விடுமுறை நெருங்கினாலே இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களின் தொனி மாறிவிடும். மற்ற மாதங்களில் "பையன் எழுதவே மாட்டேன் என்கிறான்" என்று புலம்புகிறவர்கள், இப்போது "வீட்டில் அடைந்து கிடக்கிற பிள்ளைகளை வைத்துக்கொண்டு என்ன செய்வது?" என்று கேட்கிறார்கள். இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை வாசிப்பு, ஓவியம், பேக்கிங் மூன்றையும் சேர்த்துச் சின்னப் பிள்ளைகளுக்கு வகுப்பு எடுப்பது பற்றியவை. தொடக்கப் பள்ளி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் குளிர்காலத்தில் என் சமையலறையில் நான் நடத்துவது இதே வகுப்பைத்தான். அதனால் இந்த இதழ் முழுக்க அதற்கே.

கேள்வி: வணக்கம் டீச்சர். ஐந்து முதல் ஏழு வயது வரையுள்ள எட்டுப் பிள்ளைகளுக்கு ஆறு சனிக்கிழமைகள், தலா இரண்டு மணி நேரம் வகுப்பு எடுக்கப் போகிறேன். தலைப்பு 'குளிர்காலம்'. முதலில் கதை, அடுத்து ஓவியம், கடைசியில் பேக்கிங் என்று எழுதி வைத்திருக்கிறேன். சரியாக வருமா?
– முதல் முறையாக வகுப்பு எடுக்கும் ஒரு அம்மா

பதில்: வராது. வரிசையை மாற்றுங்கள். கதை காத்திருக்கும், ஓவியமும் காத்திருக்கும், மாவு மட்டும் யாருக்காகவும் காத்திருக்காது. பேக்கிங்கைக் கடைசியில் வைத்தால், பெற்றோர் வாசலில் வந்து நிற்கும்போது பன் ஓவனுக்குள் இருக்கும். பிள்ளைகள் வெறுங்கையோடு, அழுத முகத்தோடு போவார்கள்.

முதலில் மாவு. பத்து மணிக்கு வகுப்பு என்றால் பத்தே காலுக்குள் எல்லாரும் கை கழுவி, ஏப்ரன் கட்டி, மாவில் கை வைத்திருக்க வேண்டும். அரை கிலோ மைதா, 7 கிராம் இன்ஸ்டன்ட் ஈஸ்ட், ஒன்றரை டீஸ்பூன் உப்பு, 30 கிராம் சர்க்கரை, 40 கிராம் வெண்ணெய், 300 மில்லி வெதுவெதுப்பான பால். இதில் 12 சின்ன பன்கள் வரும். பிள்ளைகளுக்கு எட்டு, கீழே விழுவதற்கும் அழுகிறவர்களுக்கும் நான்கு. எட்டுப் பேரும் ஆளுக்குக் கொஞ்சம் பிசைந்தால் பத்தரைக்குள் முடியும். பதினொன்றே கால் வரை மாவு உப்பட்டும். அந்த முக்கால் மணி நேரம் உங்களுடையது: பதினைந்து நிமிடம் கதை, மீதி ஓவியம். பிறகு உருவம் பிடிக்கக் கால் மணி. ட்ரேயில் வைத்து மறுபடி இருபது நிமிடம் உப்ப விடும்போது ஓவியத்தை முடிக்கலாம், மேஜையைத் துடைக்கலாம். ஓவனில் 190 டிகிரியில் பதினைந்திலிருந்து பதினெட்டு நிமிடம். கணக்குப் போட்டுப் பாருங்கள், இரண்டு மணி நேரத்தைத் தாண்டும். பெற்றோரைக் கால் மணி நேரம் தாமதமாக, பன்னிரண்டே காலுக்கு மேல் வரச் சொல்லுங்கள். வெந்த பன் ஆறுவதற்கும் பத்து நிமிடம் வேண்டும். உள்ளே இருக்கும் சூடு வெளியில் தெரியாது, பிள்ளைகளின் நாக்குக்குத்தான் தெரியும்.

அடுத்தது தலைப்பு. 'குளிர்காலம்' ரொம்பப் பெரிய தலைப்பு. ஆறு வாரமும் நீல அட்டை, வெள்ளைப் பஞ்சு, பனிமனிதன் என்றே போகும். மூன்றாவது வாரத்தில் பிள்ளைகளுக்கு முன்னால் உங்களுக்கே சலித்துவிடும். வாரத்துக்கு ஒரு கேள்வி வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகள் கேட்கிற மாதிரியான கேள்வி: "குளிர்காலத்தில் கரடி எங்கே போகும்?" அதையே புத்தகத்தில் பார்க்க வேண்டும், தாளில் வரைய வேண்டும், மாவில் தொட வேண்டும். மாவில் தொட முடியாத கேள்வி இந்த வகுப்புக்கு ஆகாது, எவ்வளவு நல்ல புத்தகம் கையில் இருந்தாலும் சரி.

எனக்குப் பிடித்த வாரம் தூங்கும் விலங்குகளின் வாரம். முள்ளெலி குளிர்காலத்தில் இலைகளுக்கு அடியில் சுருண்டு படுத்துவிடும். விழித்திருக்கும்போது நிமிடத்துக்கு 190 முறை போல அடிக்கும் அதன் இதயம் 20 அளவுக்குக் குறைந்துவிடும். கரடி மாதக்கணக்கில் தின்னாது, குடிக்காது; குட்டி பிறப்பதுகூட அந்தக் குகைக்குள்தான். இதைச் சொல்லிவிட்டு, உலர்ந்த ஈஸ்ட்டைக் கொஞ்சம் எடுத்து ஒவ்வொரு பிள்ளையின் உள்ளங்கையிலும் போடுங்கள். மணல் மாதிரி, அசைவே இல்லாமல் கிடக்கும். "இதுவும் உயிருள்ளதுதான், தூங்கிக்கொண்டிருக்கிறது" என்று சொல்லுங்கள். வெதுவெதுப்பான தண்ணீர், ஒரு சிட்டிகை சர்க்கரை. பத்து நிமிடத்தில் நுரை கிளம்பும்போது பிள்ளைகளின் முகத்தைப் பாருங்கள். என் வகுப்பில் ஒரு சிறுமி கிண்ணத்தின் மேல் காதை வைத்து, "மூச்சு விடுது" என்றாள். நான் திருத்தவில்லை. ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று கார்பன் டை ஆக்சைடை வெளியே விடுகிறது. அவள் சொன்னதில் பெரிதாகத் திருத்த என்ன இருக்கிறது?

அன்றைக்கு பன்னும் முள்ளெலிதான். மாவை நீள உருண்டையாக உருட்டி, ஒரு முனையை மூக்காகக் கிள்ளிவிட வேண்டும். கண்ணுக்கு உலர்திராட்சை. அதை நன்றாக உள்ளே அழுத்துங்கள், இல்லையென்றால் மாவு உப்பும்போது கண் கழன்று தரையில் உருளும். முதுகில் கத்தரிக்கோல் முனையால் சாய்வாகச் சின்னச் சின்னதாக வெட்டினால் முள் எழுந்து நிற்கும். இரண்டாவது முறை உப்பி முடிந்து, ஓவனுக்குப் போகிறதற்குச் சற்று முன்பு வெட்டுங்கள். முன்கூட்டியே வெட்டினால் வெட்டு மூடிக்கொண்டு முள்ளெலி எலியாகிவிடும்.

மற்ற வாரங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். எம்பரர் பென்குவின்கள் அண்டார்டிகா குளிரில் ஒன்றோடொன்று ஒட்டி நின்று மாறி மாறி நடுவுக்குப் போகின்றன. அந்த வாரம் பன்களை ட்ரேயில் இடைவெளி இல்லாமல் நெருக்கி அடுக்குங்கள். ஒட்டி நின்ற பக்கம் வெள்ளையாக மெத்தென்று இருக்கும், வெளிப்பக்கம் சிவந்திருக்கும். எந்த இடத்துப் பென்குவினாக இருக்க ஆசை என்று கேளுங்கள், சண்டையே நடக்கும். ஆர்க்டிக் ஆலா என்ற பறவை ஆண்டுதோறும் வட துருவப் பக்கமிருந்து தென் துருவப் பக்கம் போய்த் திரும்புகிறது. அதற்கு, மாவைக் கயிறாகத் திரித்து ஒரு முடிச்சுப் போட்டால் ஒரு நுனி தலை, மறு நுனி வால். கடைசி வாரத்துக்கு விதை. ஆப்பிள் விதை சில வாரம் குளிரில் கிடந்தால்தான் முளைக்கும். பழத்தைக் குறுக்கே வெட்டினால் நடுவில் ஐந்து முனை நட்சத்திரம் தெரியும், அதை வண்ணத்தில் தோய்த்து அச்சுக் குத்தலாம். மிச்சம் இரண்டு வாரத்துக்கான விஷயம் கீழே மற்ற பதில்களில் இருக்கிறது.

கேள்வி: எங்கள் பக்கம் பனி கொட்டுவதே இல்லை. பார்க்காத ஒன்றைப் பற்றிப் பிள்ளைகளுக்கு வகுப்பு எடுப்பது பொய் சொல்வது போல இருக்கிறது.
– ஒரு நூலகர்

பதில்: டைனோசரை யார் பார்த்தார்கள்? ஆனாலும் உங்கள் தயக்கத்தில் ஒரு நியாயம் இருக்கிறது. பனியோடு மட்டும் குளிர்காலம் நின்றுவிட்டால், பனி இல்லாத இடத்துப் பிள்ளைக்கு அது வேறு யாருடைய வீட்டு விசேஷமோ என்று ஆகிவிடும். அதனால் பனியிலிருந்து தொடங்காமல் நிழலிலிருந்து தொடங்குங்கள். நண்பகலில் ஒரு பிள்ளையை வெயிலில் நிற்க வைத்து அவன் நிழலைச் சாக்பீஸால் வரையுங்கள், ஒரு நூலால் அளந்து வெட்டி வையுங்கள். கோடையிலும் அதே இடத்தில் அதே நேரத்தில் அளந்து இரண்டு நூலையும் பக்கத்தில் வைத்தால், குளிர்காலச் சூரியன் எவ்வளவு தாழ்வாகப் போகிறது என்று நூலே காட்டும். பூமத்திய ரேகையிலிருந்து தள்ளிப் போகப் போக வித்தியாசம் நன்றாகத் தெரியும்.

பெரிய பிள்ளைகள் இருந்தால் இதையும் சேர்த்துச் சொல்லலாம்: பூமி சூரியனுக்கு மிக அருகில் வருவது ஜனவரித் தொடக்கத்தில், ஏறக்குறைய 14.7 கோடி கிலோமீட்டரில். வட பாதியில் அப்போது நல்ல குளிர்! ஆக, தூரம் காரணமில்லை, பூமியின் அச்சு 23.5 டிகிரி சாய்ந்திருப்பதுதான் காரணம். ஏழு வயதுப் பிள்ளை இதைக் கேட்டுவிட்டு வீட்டில் போய் அப்பாவிடம் கேள்வி கேட்கும். அப்பாக்கள் பெரும்பாலும் தோற்றுப் போவார்கள்.

பனிக்கட்டி வேண்டுமென்றால் ஃப்ரீசரில் இருக்கிறதே. ஒரு கட்டியின் மேல் ஈர நூலை வைத்து, மேலே சிட்டிகை உப்பைத் தூவி, ஒரு நிமிடம் பொறுத்துத் தூக்கச் சொல்லுங்கள். நூலோடு கட்டியும் வரும். உப்பு மேற்பரப்பை உருக வைக்கிறது, உருகிய நீர் நூலைச் சுற்றி மறுபடி உறைந்து பிடித்துக்கொள்கிறது. இது நிழல் வாரத்துக்குச் சேராது, பனித்துகள் வாரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். நிழல் வாரத்துக்கு ஓவியம் கறுப்புத் தாளில் வெள்ளைச் சாக்பீஸ். பேக்கிங்குக்கு நட்சத்திரமும் பிறையுமாக வெட்டிய வெண்ணெய் பிஸ்கட். பிஸ்கட் மாவை வெட்டுவதற்கு முன் அரை மணி நேரம் ஃப்ரிட்ஜில் வைத்தால் ஓரம் கலையாமல் வரும். அந்த அரை மணி நேரத்துக்கு எந்தப் புத்தகம் என்று நூலகரான உங்களுக்கு நான் சொல்லவா வேண்டும்!

கேள்வி: காகிதத்தில் பனித்துகள் வெட்டினால் எங்களுக்கு எட்டுக் கைகள்தான் வருகின்றன. உண்மையில் ஆறுதானாமே? எப்படி மடிப்பது?
– இரட்டையர்களின் தாய்

பதில்: ஆறேதான். தாளை நான்காக மடித்து, மறுபடி கோணத்தில் மடித்தால் எட்டுத்தான் வரும். பெரும்பாலான வகுப்பறைச் சன்னல்களில் தொங்குவது எட்டுக் கை பனித்துகள்தான். எனக்கு அதைப் பார்த்தால் கை அரிக்கும், என்ன செய்ய.

மெல்லிய தாளில் ஒரு கிண்ணத்தைக் கவிழ்த்து வட்டம் வரைந்து வெட்டுங்கள். பாதியாக மடியுங்கள். அரை வட்டம் கிடைக்கும். அதை மூன்று சமபங்காக மடிக்க வேண்டும், பிள்ளைகள் திணறுவது இந்த இடத்தில்தான். இதற்கு ஒரு வழி உண்டு. ஒரு காகிதப் பட்டையை வட்டத்தின் ஆரத்துக்குச் சமமாக வெட்டிக்கொள்ளுங்கள். அதாவது அரை வட்டத்தின் நேர் விளிம்பில் சரிபாதி நீளம். அந்தப் பட்டையின் ஒரு நுனியை நேர் விளிம்பின் மூலையில் வைத்து, மறு நுனி வளைந்த விளிம்பைத் தொடும் இடத்தில் புள்ளி வையுங்கள். அங்கிருந்து இன்னொரு முறை. மூன்றாவது முறை பட்டை மறு மூலையில் போய்க் கச்சிதமாக உட்காரும். எந்த அளவு வட்டமானாலும் உட்காரும். ஆறு வயதுப் பிள்ளைக்கு ஏன் என்று விளக்க வேண்டியதில்லை, உட்காருவதைப் பார்க்கவிட்டால் போதும். இப்போது இரண்டு புள்ளிகளிலும் மடித்தால் ஆறு அடுக்குக் கூம்பு. இதை இன்னொரு முறை பாதியாக மடித்தால் 12 அடுக்கு. ஒவ்வொரு கையும் இரு பக்கமும் ஒரே மாதிரி வரும். ஆனால் ஐந்து வயதுக் கைக்கு அந்தத் தடிமன் வெட்ட வராது, ஆறு அடுக்கோடு விட்டுவிடலாம். மடிப்பு விளிம்புகளில்தான் வெட்ட வேண்டும், ஆனால் ஒரு மடிப்பை முழு நீளத்துக்கும் வெட்டிவிடக் கூடாது. வெட்டினால் பனித்துகள் பனித்துண்டுகளாகிவிடும்.

ஏன் ஆறு என்று பிள்ளைகள் கேட்பார்கள். நீங்கள் பயப்பட வேண்டாம், வானவியல் மேதை கெப்ளரே இந்தக் கேள்வியில் மாட்டிக்கொண்டு 1611இல் ஒரு சின்னப் புத்தகம் எழுதினார். அவர் காலத்தில் மூலக்கூறு பற்றித் தெரியாததால் முழு விடை கிடைக்கவில்லை. தண்ணீர் உறையும்போது அதன் மூலக்கூறுகள் அறுகோணங்களாகக் கைகோர்த்துக்கொள்கின்றன, அதனால் ஆறு. எட்டுப் பிள்ளைகளில் ஆறு பேரைக் கைகோர்த்து நிற்க வைத்துக் காட்டலாம். மீதி இரண்டு பேர் கோபித்துக்கொள்ளாமல் இருக்க ஆளை மாற்றி மாற்றி நிறுத்துங்கள்.

கதை வேண்டுமென்றால் வில்சன் பென்ட்லியின் கதையைச் சொல்லுங்கள். அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் ஜெரிகோ என்ற ஊர்க்காரர், விவசாயி. நுண்ணோக்கியோடு கேமராவைப் பொருத்தி, 1885 ஜனவரி 15 அன்று முதன்முதலாக ஒரு பனித்துகளைப் படம் பிடித்தார். அதற்குப் பிறகு வாழ்நாள் முழுக்க அதே வேலை. 5,000க்கு மேல் படங்கள். மூச்சுப் பட்டாலே உருகிவிடும் ஒன்றை அவர் எப்படிப் பிடித்திருப்பார் என்று பிள்ளைகளையே யோசிக்க விடுங்கள். ஜப்பானில் நகாயா உகிச்சிரோ என்ற விஞ்ஞானி 1936இல் ஆய்வகத்திலேயே பனித்துகளை வளர்த்தார். எதன் மேல் தெரியுமா? முயல் முடியின் நுனியில். பென்ட்லியைவிட இந்த முயல் முடிதான் என் வகுப்பில் எப்போதும் ஜெயிக்கும்.

அன்றைய பேக்கிங்குக்கு வட்டமான பிஸ்கட் போதும். ஆறு கோடுகளை அவர்களே முள்கரண்டியால் குத்தட்டும்.

கேள்வி: குளிரில் மாவு எழும்பவே மாட்டேன் என்கிறது. பிள்ளைகள் முன்னால் மானம் போகிறது.
– பேக்கிங் ஆர்வமுள்ள ஒரு மாமா

பதில்: மாமா, குளிர் ஈஸ்ட்டைக் கொல்வதில்லை, சோம்பேறியாக்குகிறது, அவ்வளவுதான். ஃப்ரிட்ஜில் வைத்த மாவுகூட ராத்திரி முழுக்க மெல்ல உப்பும். கொல்வது சூடு. குளிராயிற்றே என்று கொதிக்கிற பாலை ஊற்றினீர்களானால் கதை முடிந்தது. 60 டிகிரியை எட்டினால் ஈஸ்ட் செத்துவிடும். 35 முதல் 40 டிகிரி வரை போதும். கைக்குழந்தைக்குப் புட்டிப்பால் பார்ப்பது போல மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள், சுடவும் கூடாது, சில்லென்றும் இருக்கக் கூடாது.

கிண்ணத்தை வைக்க இடம்: அணைத்திருக்கும் ஓவனுக்குள், பக்கத்தில் ஒரு பாத்திரம் வெந்நீர், கதவு மூடி. ஓவன் இல்லையென்றால் மூடி போட்ட ஐஸ்பெட்டி இருக்கிறதே, அதற்குள் வெந்நீர் பாட்டிலோடு வைத்தாலும் ஆகும். பாக்கெட் பழசா என்ற சந்தேகம் வந்தால் முன்பு சொன்ன நுரைச் சோதனையைச் செய்யுங்கள். பத்து நிமிடத்தில் நுரை வரவில்லையென்றால் அந்தப் பாக்கெட்டோடு போராடாதீர்கள், தூக்கிப் போடுங்கள்.

இன்னொன்று. கடிகாரத்தைப் பார்த்து மாவை எடுக்காதீர்கள், விரலால் கேளுங்கள். மாவு தொட்ட விரலால் லேசாக அழுத்தி எடுங்கள். பள்ளம் சட்டென்று மேலே வந்தால் இன்னும் நேரம் வேண்டும். மெதுவாக, பாதி மட்டும் மேலே வந்து நின்றால் தயார். அப்படியே குழியாக நின்றுவிட்டால் நேரம் தாண்டிவிட்டது. இந்த வேலையைப் பிள்ளைகளிடம் கொடுங்கள். எட்டுப் பேரும் முறை வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, அந்தப் பள்ளம் எழுவதைப் பார்ப்பார்கள். வகுப்பில் தானாக அமைதி வரும் ஒரே நேரம் அதுதான்.

மானம் போகாமல் இருக்க ஒரு யோசனையும் சொல்கிறேன். இரண்டு பாட்டில், இரண்டிலும் ஈஸ்ட், சர்க்கரை. ஒன்றில் வெதுவெதுப்பான தண்ணீர், இன்னொன்றில் ஐஸ் தண்ணீர். இரண்டின் வாயிலும் பலூன். ஒன்று நிமிரும், ஒன்று தொங்கும். அடுத்த தடவை உங்கள் மாவு தாமதித்தால், காரணத்தைப் பிள்ளைகளே விருந்தாளிகளுக்கு விளக்கிவிடுவார்கள்.

கேள்வி: என் மகன் கதை கேட்க ஐந்து நிமிடம்கூட உட்காருவதில்லை. மற்றவர்களையும் கெடுக்கிறான்.
– கவலையோடு ஒரு தந்தை

பதில்: ஐந்து வயதுக்காரன்தானே, உட்கார வேண்டும் என்று யார் சொன்னது? அவன் கையில் ஒரு நெல்லிக்காய் அளவு மாவைக் கொடுங்கள். கை பிசைந்துகொண்டிருந்தால் காது கேட்கும். நின்றபடி கேட்கட்டும், மேஜைக்கு அடியில் படுத்தபடிகூடக் கேட்கட்டும்.

பக்கத்துக்குப் பக்கம் நிறுத்தி "இது என்ன நிறம்? இது என்ன விலங்கு?" என்று கேள்வி கேட்கிறீர்களா? பரீட்சை வைத்தால் யாருக்கும் ஓடத்தான் தோன்றும். ஒரு புத்தகத்துக்கு ஒரு கேள்வி போதும்: "அடுத்து என்ன ஆகும்?" அதையும் பதில் வராவிட்டால் விட்டுவிடுங்கள். எழுத்தே இல்லாத படக்கதை கிடைத்தால் அதை எடுங்கள். அதில் யாரும் யாருக்கும் வாசித்துக் காட்ட வேண்டியதில்லை, எல்லாரும் சமம். போன வாரப் புத்தகத்தையே மறுபடி கேட்டால் மறுக்காமல் வாசியுங்கள்.

செய்முறை அட்டையும் வாசிப்புதான் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். பெரிய எழுத்தில், ஒரு வரிக்கு ஒரு வேலை, பக்கத்தில் சின்னப் படம்: "இரண்டு கரண்டி சர்க்கரை போடு." உங்கள் மகனை அட்டை வாசிப்பவனாக நியமித்துவிடுங்கள். அவன் வாசித்தால்தான் அடுத்த பொருள் கிண்ணத்தில் விழும். அதிகாரம் கையில் வந்தால் ஆள் ஓட மாட்டான்.

கேள்வி: கடையில் வாங்கிய வண்ணம் தீட்டும் தாளில் பனிக்கரடியும் பென்குவினும் கைகோர்த்து நிற்கின்றன. கொடுக்கலாமா?
– ஒரு மழலையர் பள்ளி ஆசிரியை

பதில்: கொடுக்கலாம், கொடுத்துவிட்டு "இவர்கள் எங்கே சந்தித்திருப்பார்கள்?" என்று கேளுங்கள். பனிக்கரடி வட துருவப் பக்கம், எம்பரர் பென்குவின் தென் துருவப் பக்கம். பென்குவின் எல்லாமே பனியில் வாழ்வதும் இல்லை. பூமத்திய ரேகையில் இருக்கும் கலாபகஸ் தீவுகளிலும் ஒரு இனம் இருக்கிறது. பனிக்கரடியின் தோல் கறுப்பு, முடிக்கு நிறமே இல்லை என்பதையும் சேர்த்துவிடுங்கள். பிறகு அந்தத் தாளில் வெள்ளை கிரேயான் எங்கே போகும் என்று பார்ப்போம்.

கேள்வி: ஓவிய நேரத்தில் எல்லாப் பிள்ளைகளின் படமும் ஒரே அச்சாக இருக்கிறது. வீட்டுக்குக் கொண்டுபோகும்போது அழகாக இருக்க வேண்டும் என்று பெற்றோர் எதிர்பார்க்கிறார்கள். என்ன செய்வது?
– பெயர் வேண்டாம்

பதில்: வெட்டி வைத்த வட்டங்கள், ஒட்டத் தயாரான கேரட் மூக்கு, ஜிகினா டப்பா. இந்த மூன்றையும் அலமாரியில் வைத்துப் பூட்டுங்கள். ஜிகினா கோடை வரை தரை விரிப்பில் இருக்கும் என்பது தனிக் கதை.

வெள்ளை வண்ணத்தையும் கொடுக்காதீர்கள். "வெள்ளை இல்லாமல் பனி வரையுங்கள்" என்று சொல்லுங்கள். முதலில் விழிப்பார்கள். அப்போது குளோட் மோனே 1868–69 குளிர்காலத்தில் வரைந்த 'மேக்பை' ஓவியத்தின் படத்தைக் காட்டுங்கள். வேலிக் கதவின் மேல் ஒற்றைப் பறவை, சுற்றிலும் பனி. அந்தப் பனியில் வேலியின் நிழல் என்ன நிறம் என்று கேளுங்கள். கறுப்பு என்று கத்துவார்கள். கிட்டத்தில் கொண்டுபோய்க் காட்டினால் நீலம்! 1869இல் பாரிஸ் சலோன் கண்காட்சி இந்தப் படத்தை ஏற்கவில்லை. இப்போது பாரிஸின் ஓர்சே அருங்காட்சியகத்தில் மக்கள் அதன் முன்னால் நிற்கிறார்கள். 'அழகாக இல்லை' என்று முகம் சுளிக்கும் பெற்றோருக்கும் இதைச் சொல்லலாம், ஆனால் சிரித்துக்கொண்டே சொல்லுங்கள்.

இரண்டு வித்தைகள் போதும், சீசன் முழுக்க ஓடும். வெள்ளை கிரேயானால் வெள்ளைத் தாளில் அழுத்தி வரைந்து, மேலே தண்ணீராகக் கரைத்த நீலத்தைப் பூசினால் மெழுகு இருக்கும் இடத்தில் வண்ணம் ஒட்டாது. மறைந்திருந்த கோடு வெளியே வரும். மற்றது உப்பு. ஈர வண்ணத்தின் மேல் கல்லுப்பைத் தூவினால் அது சுற்றியுள்ள ஈரத்தை இழுத்துக்கொண்டு நட்சத்திரம் நட்சத்திரமாகத் தடம் விடும். தாள் சொட்டச் சொட்ட இருக்கும்போது தூவினால் உப்பு கரைந்தே போகும், காய்ந்த பிறகு தூவினால் ஒன்றும் ஆகாது. மினுமினுப்பு மங்குகிற அந்த நேரம்தான் சரி. முழுக்கக் காய்ந்ததும் உப்பை உதறிவிடலாம். ஓவியத்துக்கான உப்பும் மாவுக்கான உப்பும் வேறு வேறு டப்பாவில் இருக்கட்டும். நீல நிற பன் யாருக்கும் பிடிக்காது.

புருகல் 1565இல் வரைந்த, வேட்டைக்காரர்கள் பனியில் ஊர் திரும்பும் ஓவியத்தின் நல்ல படம் கிடைத்தால் அதையும் வையுங்கள். அசல் வியன்னாவில் இருக்கிறது. தூரத்தில் உறைந்த குளங்களில் எறும்பளவு ஆட்கள் சறுக்கி விளையாடுகிறார்கள். பூதக்கண்ணாடியைக் கொடுத்து, விழுந்து கிடப்பவர்களைத் தேடச் சொல்லுங்கள். உங்களுக்குக் கால் மணி நேரம் தேநீர் குடிக்க நேரம் கிடைக்கும்.

கேள்வி: ஓவன் இல்லாமல் இதெல்லாம் முடியுமா?
– கல்லூரி மாணவி, வார இறுதியில் பிள்ளைகளுக்குக் கதை சொல்பவர்

பதில்: முடியும். அடி கனமான பாத்திரத்துக்குள் ஒரு ஸ்டாண்ட் வைத்து, மூடி, பத்து நிமிடம் சூடேற்றி, அதற்குள் தட்டை வைத்தால் பன் வேகும். மேல் பக்கம் சிவப்பாக வராது, அவ்வளவுதான். அதே மாவைத் தட்டையாக்கித் தவாவில் இரு பக்கமும் சுட்டாலும் நல்ல ரொட்டிதான். தின்பதற்கு இல்லாமல் வடிவம் செய்ய மட்டும் என்றால் இரண்டு கப் மைதா, ஒரு கப் உப்பு, ஒரு கப் தண்ணீர் சேர்த்துப் பிசைந்து காற்றில் சில நாள் உலர வைக்கலாம். இந்த உப்பு மாவு பிள்ளைகள் வாய்க்கும் போகக் கூடாது, வீட்டு நாய் வாய்க்கும் போகக் கூடாது. அவ்வளவு உப்பு ஆபத்து.

கேள்வி: பச்சை மாவை நக்கிப் பார்ப்பதைத் தடுக்கவே முடியவில்லை. கொஞ்சம் தின்றால் என்ன? ஒவ்வாமை உள்ள பிள்ளைகளையும் எப்படிச் சமாளிப்பது?
– ஒரு பாட்டி

பதில்: பாட்டி, நம் காலத்தில் நாமும் நக்கியவர்கள்தான். இருந்தாலும் இதில் நான் கறார். முட்டையில் மட்டும்தான் ஆபத்து என்று நினைக்கிறோம். பச்சை மாவும் அப்படித்தான். தானியம் வயலிலிருந்து வருகிறது, அரைப்பதால் கிருமி சாவதில்லை. ஈ.கோலை, சால்மொனெல்லா இரண்டுமே மாவில் இருக்க வாய்ப்புண்டு. வெந்த பிறகுதான் வாயில். தடுப்பதற்கு நான் செய்வது: மாவு பிசையும் முன்பே ஆளுக்கு ஒரு வாழைப்பழத் துண்டு. பசித்த வாய்தான் நக்கும். முன்பு அந்தப் பையன் கையில் கொடுக்கச் சொன்ன மாவு உருண்டைக்கும் இதே சட்டம், கதை முடிந்ததும் கை கழுவ வேண்டும்.

ஒவ்வாமையை முதல் வகுப்புக்கு முன்பே எழுத்தில் வாங்கிவிடுங்கள்: பால், முட்டை, கோதுமை, கொட்டைகள், எள். வாய் வார்த்தை போதாது, அவசரத்தில் பெற்றோர் மறப்பார்கள். மேலே சொன்ன பன்னில் முட்டையே இல்லை. பால் ஆகாத பிள்ளை இருந்தால் எல்லாருக்குமே பாலுக்குப் பதில் தண்ணீர், வெண்ணெய்க்குப் பதில் எண்ணெய். ஒரு பிள்ளைக்கு மட்டும் தனியாகச் செய்து ஒதுக்க வேண்டாம். ஐந்து வயதுக்குக் கீழே முழுக் கொட்டைகள் கூடாது, தொண்டையில் அடைக்கும். கூட வரும் கைக்குழந்தைக்கு ஒரு வயது ஆகும் வரை தேன் தொட்டு வைக்காதீர்கள், அதில் விளையாட்டே வேண்டாம்.

ஓவனுக்கு முன்னால் ஒரு மீட்டர் தள்ளித் தரையில் வண்ண டேப் ஒட்டுங்கள். அந்தக் கோட்டைத் தாண்டுகிற உரிமை உங்களுக்கு மட்டும். கோட்டுக்கு இந்தப் பக்கம் எட்டுப் பேரும் வரிசையாக உட்கார்ந்து கண்ணாடிக் கதவு வழியாகப் பார்க்கலாம். முதல் ஐந்து நிமிடத்தில்தான் பன் கண்ணெதிரே உப்பும், அதை மட்டும் யாரும் தவறவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.